கடற்காற்றில் நின்ற கதவு: பெயின்றுக்கு முந்திய வேலை

திருகோணமலையில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் காலம் என்றால் தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமையும் தைப்பொங்கலுக்கு முந்திய இரண்டு கிழமையும்தான். மரக்கதவுக்கு இதைவிட மோசமான நாட்களைத் தேடிப்பிடிக்க முடியாது. சுவருக்கு அடியுங்கள், கேற்றுக்கு அடியுங்கள், அது உங்கள் விருப்பம். பழைய மரக்கதவை மட்டும் சித்திரை வருடப்பிறப்புக்கு ஒத்திவையுங்கள்.

காரணம் மழை. இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் சனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். அந்த வாடைக் காலத்தில் கதவுப் பலகை ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் ஊதும். மார்கழியில் கதவு நிலையில் சிக்கிக்கொள்வது அதனால்தான். உடனே ஓடாவியைக் கூப்பிட்டுச் சீவச் சொல்கிறோம். அவரும் சீவுளியால் இழைத்துவிட்டுப் போகிறார். ஆனி மாதம் பலகை காய்ந்து பழைய அகலத்துக்குச் சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி தெரியும். பல்லி வந்து போக வசதி.

இப்படி ஊதி நிற்கிற பலகையின் மேல் எனாமல் பெயின்றை ஏற்றினால், பங்குனி வெயில் சுடத் தொடங்கியதும் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். பெயின்ற் படலம் வழிவிடாது. கதவு முழுக்கக் கொப்புளம் போடும். “பெயின்ற் சரியில்லை” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு கொப்புளத்தைக் கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால், ஈரம் மரத்துக்குள் இருந்து வந்திருக்கிறது. பழைய பெயின்ற் படை தெரிந்தால் மரத்தின் மேல் குற்றமில்லை. கொதிக்கிற வெயிலில் அடித்திருப்பார்கள், அல்லது அழுக்கின் மேல் அடித்திருப்பார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மரம் காய்ந்துவிட்டதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். பெயின்ற் உரிந்து மரம் வெளியே தெரிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தெளிவான பிளாஸ்ரிக் துண்டு ஒன்றை வைத்து நான்கு பக்கமும் இடைவெளி விடாமல் ரேப்பால் ஒட்டுங்கள். மறுநாள் பாருங்கள். பிளாஸ்ரிக்கின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் மாசி பிந்தி பங்குனி பிறக்கும்போது கதவு தயாராகிவிடும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று இன்னும் நன்றாக உலர்த்தும். ஆனால் அது புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும், ஈரப் பெயின்றில் புழுதி ஒட்டினால் எடுக்க வழியில்லை. கச்சான் மாதங்களில் பெயின்ற் அடிப்பதென்றால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது உப்பு. பெயின்ற் ரின்னில் அச்சிட்டிருக்கும் குறிப்புகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் அவை கண்டிக்கும் மாத்தளைக்கும் சேர்த்து எழுதப்பட்டவை. டச்சுக்குடாப் பக்கமோ பின்குடாப் பக்கமோ திறந்த கடலைப் பார்த்து நிற்கிற வீட்டின் முன்கதவைக் கையால் தடவி, விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். உட்துறைமுகப் பக்கத்தில் குன்றுகள் மறைப்பதால் தூவானம் குறைவு, ஆனாலும் இல்லாமல் போவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இந்த ஊரில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். புதுப் பெயின்றுக்கு அடியில் உப்பு தங்கினால் அது ஒவ்வொரு இரவும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெயின்ற் பிடிப்பை விடும், ஆணித்தலைகள் கறள் பிடிக்கும்.

கப்பல் வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இந்தத் துறைமுகத்தின் டொக்யார்ட் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது, பிறகு இலங்கைக் கடற்படையிடம் வந்தது. கடலில் நின்ற இரும்புத் தகட்டை முதலில் நன்னீரால் கழுவி உப்பை இறக்கிவிட்டுத்தான் சுரண்டலும் பூச்சும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். வீட்டுக் கதவுக்கும் அதே வரிசைதான். நம்மில் பலர் செய்வது தலைகீழ். முதலில் சாண்ட்பேப்பரை எடுத்துத் தேய்ப்போம், பிறகு துடைப்போம். அப்படித் தேய்த்தால் மேலே கிடந்த உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் மரத்தின் இழைக்குள் இறங்கிவிடும்.

எனவே முதல் வேலை கழுவுதல். கொஞ்சம் சவர்க்காரத்தூள் கரைத்த நீரில் சீலைத்துண்டை நனைத்துக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் வடிகிற அழுக்கு நீர் காய்ந்த பலகையில் கோடு கோடாகக் கறை விடும். குசினிக் கதவானால் கைபிடிக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், அங்கே இரண்டு முறை துடைக்க வேண்டும். சாமிபட அறைக் கதவில் சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெயும் சேர்ந்து ஒரு படலமே கட்டியிருக்கும், அதற்குத் தின்னர் தொட்டுத் துடைக்காமல் தீராது. பிறகு சவர்க்காரம் போகும்வரை நல்ல நீரால் இரண்டு தடவை துடைத்தெடுங்கள். நல்ல நீர் என்பது முக்கியம். கடற்கரையோரக் கிணறுகள் பல உவர்க்கிணறுகள். உப்பை எடுக்க உப்புநீரை ஊற்றுவதில் அர்த்தமில்லை. குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். குழாயால் பீய்ச்சவும் வேண்டாம், நனைந்த சீலையே போதும். இவ்வளவு நாள் காத்திருந்து காயவைத்த மரம் அது.

கழுவி, ஒரு நாள் காயவிட்டதும், பழைய பெயின்றில் எதை வைத்துக்கொள்வது எதை எடுப்பது என்ற கேள்வி வரும். எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை உரித்தால்தான் வேலை சுத்தம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பது நாற்பது வருடமாக மரத்தோடு இறுகிப் பிடித்திருக்கிற படை, நாம் இன்று பூசப்போகும் எதையும்விட நல்ல அடித்தளம். ஆட்டம் கண்டதை மட்டும் எடுத்தால் போதும். சோதிப்பது எளிது. பிளேட்டால் பெயின்றில் ஒரு பெருக்கல் குறி கீறி, அதன் மேல் ரேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். ரேப்போடு செதில்கள் வந்தால் அந்தப் பகுதி போக வேண்டியது. ஒன்றும் வராவிட்டால் அதை விட்டுவிடலாம். கதவின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே முடிவைத் தரும் என்று நினைக்க வேண்டாம். மழைச்சாரல் தெறிக்கிற கீழ்ப் பலகைதான் முதலில் கைவிடும், அங்கே தனியாகச் சோதியுங்கள்.

சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். பழைய எனாமல் பெயின்றுகளில் ஈயம் இருந்தது. நிறம் பளிச்சென்று நிற்கவும் கெதியாகக் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். வெள்ளையில் மட்டுமில்லை, மஞ்சளிலும் சிவப்பிலும் பச்சையிலும் இருக்கக்கூடும். இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளை 2013 சனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் எனாமல் பெயின்றில் ஈயம் பத்து இலட்சத்தில் 600 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற எல்லை சட்டமானது. சுவருக்குப் பூசும் எமல்ஷனுக்கு எல்லை 90 பங்கு. இந்தியாவில் வீட்டுப் பெயின்றுகள் எல்லாவற்றுக்கும் 90 பங்கு என்ற விதி 2017 நவம்பரில் வந்தது. ஆகவே 2013க்கு முன் பூசிய கதவு எதையும் ஈயம் உள்ளதாக எடுத்துக்கொள்வதே புத்தி. பழைய படைகளின் அடியில் செம்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பூச்சுத் தெரிந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். கப்பல் இரும்புக்குப் பூசிய ஈயச்செந்தூரத்தின் நிறம் செம்மஞ்சள். மரத்துக்குப் பூசிய பழைய பிங்க் பிறைமரிலும் அதைக் கலந்தார்கள்.

ஈயம் கதவில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. தூசாகும்போதுதான் ஆபத்து. தரையில் படிந்த தூசு தவழ்கிற பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். உடம்பில் இந்த அளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் மூன்று வேலைகளைச் செய்யவே கூடாது: உலர்ந்த பெயின்றை நனைக்காமல் தேய்ப்பது, மின் சாண்டரைப் போட்டு ஓட்டுவது, தீச்சுவாலையால் சுட்டு உரிப்பது. மூன்றாவது ஆகக் கெட்டது. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகும், அதை எந்தச் சீலையும் தடுக்காது. கோஸ்ரிக் சோடா கரைத்து ஊற்றுவோரும் உண்டு. பெயின்ற் கழன்று வரும், உண்மைதான். ஆனால் காரம் மரத்துக்குள் ஊறிக் கறுப்பாக்கும், பசை ஒட்டிய மூட்டுக்களைத் தளர்த்தும், எவ்வளவு கழுவினாலும் மிச்சம் நின்று புதுப் பெயின்றைக் கெடுக்கும்.

ஈரமாகச் செய்வதே வழி. இயன்றால் கதவைக் கழற்றி வெளியே நிழலில், காற்று அடிக்காத பக்கமாகக் கிடத்துங்கள். அடியில் பெரிய பிளாஸ்ரிக் விரிப்பு. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். விசிறிப் போத்தலால் நீரைத் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டியால் இழைவாக்கில் தள்ளுங்கள். நனைந்த செதில் பறக்காது, விரிப்பில் விழுந்து கிடக்கும். சுரண்டிய இடத்துக்கும் விட்டுவைத்த இடத்துக்கும் நடுவில் படி மாதிரி விளிம்பு நிற்கும். அதை நீர்த்தாளால், அதாவது நனைத்துத் தேய்க்கிற கறுப்பு சாண்ட்பேப்பரால், விரல் தடவினால் தடுக்காத அளவுக்குச் சாய்வாக்குங்கள். இந்த விளிம்பைச் சாய்க்காமல் விட்டால் எத்தனை கோட் அடித்தாலும் அது தெரியும், பளபளக்கிற எனாமலில் இன்னும் கூடுதலாகத் தெரியும். முகத்துக்கு என்95 அல்லது அதைவிட நெருக்கமான முகமூடி வேண்டும். சத்திரசிகிச்சை முகமூடியும் கட்டிய சீலையும் இந்தத் தூசுக்குப் போதாது. வேலை முடிந்ததும் விரிப்பை உட்பக்கமாகச் சுருட்டிப் பையில் கட்டுங்கள். கூட்டிப் பெருக்கித் தோட்டத்தில் கொட்டுவதும், கிணற்றடியில் கழுவுவதும், குப்பையோடு எரிப்பதும் வேண்டாம். போட்ட உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். சாப்பிட முன் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பூட்டு, கொண்டி, பிணைச்சல் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது நல்லது. பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சமாளிப்பவர்கள்தான் பித்தளைக் கைப்பிடிக்கும் பாதிப் பெயின்ற் பூசுகிறவர்கள். கழற்றிய பித்தளையைப் புளி போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் பழைய நிறம் வந்துவிடும். திரும்பப் பூட்டும்போது ஒரு கவனம்: பித்தளைப் பிணைச்சலுக்கு இரும்பு ஸ்குரூ போடாதீர்கள். உப்பு ஈரம் பட்ட இடத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு வேகமாக அரிபடும். இரண்டு வாடை தாண்டுவதற்குள் ஸ்குரூத் தலை மட்டும் மிஞ்சும். பித்தளை ஸ்குரூவோ ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஸ்குரூவோ போடுங்கள்.

பலகையில் இறங்கியிருக்கிற பழைய இரும்பாணிகளைப் பிடுங்கப் போனால் மரம் பிளக்கும். அவற்றை ஆணிக்குத்தியால் ஒரு நூல் உள்ளே தட்டி, கறளைச் சுரண்டி, துளி இரும்புப் பிறைமர் தொட்டு வைத்தால் போதும். குழியைப் பிறகு நிரப்பலாம்.

மரத்தைப் பார்க்கிற நேரம் இதுதான். இந்தப் பகுதிப் பழைய கதவுகளில் முதிரையும் தேக்கும் பாலையும் இருக்கும். சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்கிற மரத்துக்கு ஆங்கிலேய மர வியாபாரத்தில் பெயரே திருகோணமலை மரம்தான். பீப்பாவுக்கும் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கும் போன மரம் அது. இப்படிப்பட்ட பலகையைப் பெயின்ற் உரிந்த குற்றத்துக்காக எறிந்துவிட்டு, புதிதாக ஒட்டுப்பலகைக் கதவு வாங்குவதைப் பார்த்தால் மனம் பதைக்கும். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. இன்றும் அது இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. கவனித்தால் மரம் நம்மைவிட நெடுங்காலம் இருக்கும்.

உளுத்ததை மட்டும் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். நிலைக்கால் சீமெந்துத் தரையில் ஊன்றுகிற அடியிலும், கதவின் கீழ்ச்சட்டம் மூட்டிலும் ஸ்குரூ ட்ரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும். கெட்டது உள்ளே விடும். மண் கோடு தெரிந்தால் கறையான். அதற்கு மருந்து அடித்து ஓய்ந்த பிறகே மற்ற வேலை. உளுத்த அடியில் சீமெந்தைக் குழைத்து அப்பிவிடுகிற பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. மரம் ஊதும், சுருங்கும். சீமெந்து அசையாது. ஒரு மழைக்காலத்தில் நடுவே வெடித்து, அந்த வெடிப்பு வழியாக நீர் இறங்கி, மிச்ச மரத்தையும் உளுக்கவைக்கும். ஓடாவியிடம் சொல்லி, கெட்ட பகுதியை வெட்டி எடுத்து அதே சாதி மரத்தில் ஒட்டுப்போடச் சொல்லுங்கள். மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைப்பது உள்ளறைக் கதவின் சிறு துளைகளுக்குச் சரி, மழை படுகிற வாசற்கதவுக்கு உதவாது.

சாண்ட்பேப்பர் வேலையை நீட்டி முழக்கத் தேவையில்லை. மரம் வெளியே வந்த இடத்தில் முதலில் 80, பிறகு 120. இழைவாக்கில் மட்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். அடியில் ஈயம் இருக்கலாம் என்பதால் பழைய படை மேல் எப்போதும் நீர்த்தாள்தான், அதுவும் பளபளப்புப் போகிற அளவுக்கு. வழுவழுப்பாக்கிக்கொண்டே போகாதீர்கள். பெயின்றுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். முதிரை மாதிரி இறுகிய மரத்தில் 120ஓடு நிறுத்திவிடுங்கள். தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. பிறைமர் பூசுவதற்குச் சற்று முன் வெள்ளைச் சீலையைத் தின்னரில் நனைத்து ஒருமுறை துடைத்தெடுங்கள், சீலையில் மஞ்சள் இறங்குவதைக் காணலாம்.

இனிப் பிறைமர். இங்கே ஒழுங்கு முக்கியம். பலர் வெறும் மரத்திலேயே பட்டியை அப்பிவிட்டு அதன் மேல் பிறைமர் பூசுவார்கள். வெறும் மரம் பட்டியிலுள்ள எண்ணெயைக் குடித்துவிடும். எண்ணெய் போன பட்டி காய்ந்து பொருபொருத்து விழும். முதலில் பிறைமர், காய்ந்ததும் பட்டி, பட்டி காய்ந்ததும் மெல்லிய தேய்ப்பு, பட்டி வைத்த இடங்களில் மீண்டும் பிறைமர் தொட்டு வைப்பது. அண்டர்கோட்டும் மேற்பூச்சும் அதற்குப் பிறகு.

பிறைமரைத் தள்ளிப்போடவும் கூடாது. வெயில் பட்ட வெறும் மரத்தின் மேற்பரப்பு இரண்டு கிழமைக்குள்ளேயே சிதையத் தொடங்கும், அதன் மேல் பூசியது சரியாகப் பிடிக்காது. கடற்கரையில் அதற்குள் புது உப்பும் படிந்துவிடும். சனி ஞாயிறுகளில் மட்டும் வேலை செய்கிறவர்கள் எல்லாக் கதவுகளையும் ஒரேயடியாகச் சுரண்டி வைத்துக்கொண்டு நிற்காமல், ஒரு கதவைச் சுரண்டி, மறுநாள் காய்ந்ததும் அதற்குப் பிறைமர் பூசி, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கிழக்குப் பார்த்த வாசலானால் காலை வெயில் நேரே விழும், அது திரும்பிய பிறகு பூசுங்கள். கையை வைத்தால் சுடுகிற பலகையில் பிறைமர் இறங்கும் முன்னரே தோல் கட்டிவிடும்.

கதவைத் திரும்ப மாட்டுவதற்கு முன் அதைத் தலைகீழாக நிறுத்தி அடிவிளிம்பைப் பாருங்கள். நிலைக்குத்தாக ஓடுகிற பலகைகளின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. மரத்தின் குழாய்களெல்லாம் அந்த முகத்தில் திறந்திருப்பதால், நீரை அது பலகையின் பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். யாருக்கும் தெரியாத இடம் என்பதால் கதவு செய்த நாளிலிருந்து அங்கே பிரஷ் பட்டே இருக்காது. வாசலில் வழிகிற மழைநீர் ஏறுவதும், கீழ்ச்சட்டம் முதலில் உளுப்பதும் அந்த வழியாகத்தான். அந்த விளிம்பு குடிக்கக் குடிக்க இரண்டு கை பிறைமர் கொடுங்கள். மேல் விளிம்புக்கும், பூட்டுக்காகக் குடைந்த துளைக்கும், பிணைச்சல் உட்காரும் பள்ளத்துக்கும் அதே பிரஷ்ஷை ஓட்டிவிட்டு, இரவு முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.